பேட்டி எண் பதினான்கு

டெப்போவில் அவளுக்கு ரைட்டு என்று பெயர். பின்படியில் நின்று அவள் "ரைட்" என்று ஒரு குரல் கொடுத்தால் பக்கத்தில் நிற்கிற வண்டியும் சேர்ந்து கிளம்பிவிடும் என்று டைம்கீப்பர் சொல்லப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. பதின்மூன்று வருடம் கண்டக்டர் வேலை பார்த்தாள். அதில் பதினொரு வருடம் ஒரே தடம், ஒரே டிரைவர். கட்டிய புருஷனிடம் பேசியதைவிட அந்த டிரைவர் அண்ணனிடம் பேசியதுதான் அதிகம் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். புருஷன் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தையல் மெஷின் பழுது பார்க்கிறவர். எந்தச் சத்தமாவது குறைந்தால் நல்லதுதானே என்று இருப்பவர்.

பத்தொன்பதில் கல்யாணம், இருபதில் மகள், இருபத்துநாலில் கண்டக்டர் பை. இருபத்தொன்பதில் தபால் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். சமூகவியலை எடுத்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு அந்த ஒரு பாடத்துக்குத்தான் இருந்தது. முதல் வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் ஒரு பேருந்தை வரைந்தார். முன்பின் தெரியாதவர்கள் ஏறினால் எப்படி உட்காருவார்கள் என்று காட்டினார். ஜன்னலோரம் எல்லாம் நிறைந்த பிறகுதான் ஒருவர் இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காருவார் என்றார்.

"கர்ப்பிணின்னா அப்படி இல்ல சார்" என்று பின்வரிசையிலிருந்து இவள் சொன்னாள். "முதல் சீட்டுதான். யாரு பக்கத்துலன்னு பாக்க மாட்டாங்க."

வாத்தியார் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவளுக்குப் பிடித்தது பித்து.

அவளுடைய தடத்தில் ஒரு நீளமான ஆற்றுப் பாலம் உண்டு. கடக்க மூன்று நிமிடம் ஆகும். பாலம் வருகிறதென்றால் டிரைவர் அண்ணன் கண்ணாடி வழியாக அவளைத் தேடுவார். "தங்கச்சி, கொஞ்சம் முன்னாடி வா. ஏதாவது பேசு." தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். முன்னால் போய் என்ஜின் மூடியில் சாய்ந்துகொண்டு, முந்தின இரவு படித்த பாடத்தை ஒப்பிப்பாள். நாளுக்கு ஆறு முறை பாலம். ஆறு முறையும் பாடம்.

"இன்னிக்கு என்ன?"

"மனுஷன் தனியா இருக்கறப்ப ஒரு மாதிரி, நாலு பேரு பாக்கறப்ப ஒரு மாதிரியாம்ணே. ஒரு அத்தியாயம் முழுக்க அதுதான்."

"இதுக்கு ஒரு அத்தியாயமா? செக்கர் ஏறும்போது உன் மூஞ்சியப் பாத்தா ஒரு வரியில முடிஞ்சுபோச்சு. சத்தியம் பண்ணல, சும்மா சொல்றேன்."

அது அவருடைய முத்திரை. எதைச் சொன்னாலும், அது உண்மையாக இருந்தால், வாலில் அதைக் கட்டிவிடுவார். மழை வரும்போலிருக்கு, சத்தியம் பண்ணல, சும்மா சொல்றேன். டைம்கீப்பர் அதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினால் டெப்போவே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

டைம்கீப்பர் அறையில் அவருடைய போட்டோ ஒன்று மாட்டியிருந்தது. அவள் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருடம் அதே பாலத்தில் அவருடைய வண்டியின் ஸ்டீயரிங் கம்பி முறிந்து, கைப்பிடிச் சுவரை இடித்து, முன்சக்கரம் இரண்டும் ஆற்றுக்கு மேலே தொங்கின. நாற்பத்திரண்டு பயணிகளும் பின்படி வழியாக ஒவ்வொருவராக இறங்கும்வரை அவர் பிரேக்கை மிதித்தபடி இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். இருபது நிமிடம். பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், செய்தித்தாளில் வந்தது. புதிதாக வேலைக்கு வருகிற டிரைவர்களை டைம்கீப்பர் முதல் நாளே அந்தப் போட்டோவுக்கு முன்னால் நிறுத்திக் கதை சொல்வார். "கால எடுத்திருந்தா நாப்பத்திரண்டு குடும்பம்" என்று முடிப்பார்.

முப்பத்தேழு வயதில், முதுகலையையும் தபால் வழியிலேயே முடித்துவிட்டு, சம்பளமில்லாத நான்கு வருட விடுப்பு வாங்கிக்கொண்டு அவள் ஆய்வுப் படிப்புக்குப் போனாள். அவ்வளவு நாள் எப்படிச் சமாளிக்கிறது என்று அவளே தயங்கியபோது புருஷன் ஒரு மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: "நீ படிக்கப் போகலன்னா அந்தப் பாடத்த வீட்ல எனக்கு நடத்துவ. போயிடு."

சமூகவியல் துறை என்பது பல்கலைக்கழகத்தின் கடைசிக் கட்டடத்தில் மூன்று அறைகள். இரண்டு ஆசிரியர்கள், ஏழு மாணவர்கள், ஓர் அலுவலக உதவியாளர். மூன்றாவது ஆசிரியர் ஓய்வுபெற்ற பிறகு அந்த நாற்காலியில் பழைய விடைத்தாள் கட்டுகள் உட்கார்ந்திருந்தன. இந்தத் துறையை வேறொன்றோடு சேர்த்துவிடலாமா என்று வருடாவருடம் மேலிடத்தில் பேச்சு எழும். வருடாவருடம் பேராசிரியர் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போட்டுவிட்டு வருவார். அவரை மாணவர்கள் பெரிய மேடம் என்பார்கள். ஆள் குள்ளம். கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டுத் தேடுகிற பழக்கம் உண்டு.

பெரிய மேடத்துக்கு ஒரு வெறி இருந்தது. பேட்டியில் ஆள் பேசியதைத் திருத்தக் கூடாது. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும்போது இருமல், இழுவை, பாதியில் விட்ட வாக்கியம் எல்லாம் அப்படியே வர வேண்டும். யாராவது 'வந்தேன்' என்று எழுதிக்கொண்டு வந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். "அந்த அம்மா வந்தேன்னா சொன்னாங்க? வந்தனா, வந்தேனா? போய்த் திரும்பக் கேளு." பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், வயதை மாற்றலாம், ஆள் அடையாளம் தெரியக் கூடாது. பேச்சை மட்டும் தொடக் கூடாது. "பேச்சத் திருத்தினா அப்புறம் அது நம்ம பேச்சு. அவங்க வாயில நாம உக்காந்துக்கிட்ட மாதிரி." அந்தத் துறையில் படித்த எல்லோருக்கும் இது ரத்தத்தில் ஏறிவிடும். அவளுக்கும் ஏறியது.

வேலையில் வருகிற பயம் என்பது அவளுடைய தலைப்பு. பேருந்துத் தொழிலாளர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தை எங்கே ஒளித்துவைக்கிறார்கள். முப்பத்தொரு பேரிடம் பேட்டி எடுத்தாள். ஒவ்வொருவரிடமும் முதலில் ஒரு சம்மதப் படிவம். அதன் ஐந்தாவது வரியை அவள் உரக்கப் படித்துக் காட்டுவாள்: நான் சொன்னதை எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலே, திரும்பப் பெறலாம்.

பதினான்காவது ஆள் டிரைவர் அண்ணன். டெப்போவின் கோடியில் நிறுத்தியிருந்த காலி வண்டியில், மத்தியானம், எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"அப்ப நான் ரிவர்ஸ் எடுக்கலாம்னு சொல்லு" என்றார் படிவத்தைப் பார்த்து.

"எப்ப வேணாலும்ணே."

"கண்ணாடி பாக்காமலா?"

"பாக்காமலே."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முதல் அரைமணி நேரம் பிரேக், டயர், மேலதிகாரி என்று போனது. பிறகு அவள், சும்மா ஒரு வார்த்தைக்கு, பாலத்தில் என்னை ஏன் முன்னால் கூப்பிடுவீர்கள், தூக்கமா என்று கேட்டாள். அவர் ஒலிப்பதிவுக் கருவியை ஒரு நிமிடம் பார்த்தார். அணைக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். சொல்லவில்லை.

"அன்னிக்கு நான் உக்காந்திருந்தது தைரியத்துல இல்லம்மா. சத்தியம் பண்ணல, சும்மா சொல்றேன். நான்தான் முதல்ல எறங்கப் பாத்தேன். என் பக்கத்துக் கதவு நசுங்கிப்போச்சு, திறக்கல. இந்தப் பக்கமா வரணும்னா கால் வரணுமே. வரல. பிரேக்க மிதிச்சுக்கிட்டு இருந்தேன்னு எழுதுனாங்க. நான் எங்க மிதிச்சேன். கால் அதுமேல செத்துப்போய்க் கெடந்துச்சு, எடுக்கத் தெரியல. அப்புறம் போட்டோக்காரர் வந்தாரு. சிரிங்கன்னாரு. சிரிச்சேன். அன்னையிலேந்து அந்த இடம் வந்தா பக்கத்துல ஒரு ஆளு குரல் வேணும். இல்லன்னா கால் போயிடும்."

"இப்ப நான் இல்லையேண்ணே. இப்ப யாரு பேசறா?"

"நானே பேசிக்கிறேன். நீ சொன்ன பாடத்த."

ஒலிப்பதிவில் அடுத்து அவள் கேள்வித்தாளைப் புரட்டுகிற சத்தம் இருக்கிறது. பிறகு எங்கோ ஒரு ஹாரன்.

அந்தப் பேட்டியை எழுத்தில் படித்த பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இதுதான் உன் ஆய்வேடு. மத்த முப்பது பேரும் இதுக்குச் சாட்சி" என்றார். நான்காவது இயல் முழுக்க அதன்மேல் எழும்பியது. தைரியம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் எழுதிவைப்பது, உள்ளே இருக்கிறவனுக்குச் சிறையாகிவிடுகிறது என்று அவள் எழுதினாள். எழுதியபோது உடம்பு சிலிர்த்தது. பாவம், அந்தச் சிலிர்ப்பை அவள் அண்ணன்மேல் உள்ள பாசம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆய்வேட்டை ஒப்படைக்கப் பதினொரு வாரம் இருக்கும்போது அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தங்கச்சி, அந்த ரிவர்ஸ் இன்னும் இருக்கா?"

"எந்த... ஓ. என்னண்ணே ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. மக வந்திருந்தா. மாமியார் வீட்டுக் கூடத்துல அந்தப் போட்டோவப் பெருசு பண்ணி மாட்டியிருக்காளாம். எங்கப்பான்னு சொல்றப்ப அங்க ஒரு மரியாதையாம். ரெண்டு வருஷத்துல ஓய்வு. எதுக்கு வம்பு? நான் சொன்னத எடுத்துடும்மா."

அவள் அப்போது துறையின் நடு அறையில், நான்காவது இயலின் பக்கங்களை வரிசையாகத் தரையில் பரப்பி, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க வழியில்லை.

"சரிண்ணே" என்றாள். "எடுத்துடறேன்."

அந்த நிமிடத்தில் அது பொய்யில்லை. அன்றே எடுத்தாள். எடுத்ததும் இயல் காற்றுப்போன டயர் மாதிரி உட்கார்ந்துவிட்டது. மூன்று நாள் வேறு பேட்டிகளை வைத்து ஒட்டுப்போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. விடுப்பு முடிகிற தேதி சுவர் நாட்காட்டியில் பேனாவால் கட்டம் போட்டு இருந்தது. பெரிய மேடம் அந்த வாரம்தான் மேலிடத்தில் இந்த ஆய்வேட்டைச் சொல்லித் துறைக்காக வாதாடிவிட்டு வந்திருந்தார். நான்காம் நாள் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு என்ன வேண்டும்? ஆள் தெரியக் கூடாது. தெரியாமல் செய்துவிட்டால் எடுத்த மாதிரிதானே?

பாலம் மலைப்பாதை ஆயிற்று. முறிந்த ஸ்டீயரிங் கம்பி, வெடித்த முன்டயர் ஆயிற்று. நாற்பத்திரண்டு பேர் முப்பது பேர் ஆனார்கள். பத்திரிகைக்காரர், போட்டோ, மகள் எல்லாம் போயின. டெப்போவை வேறு மாவட்டத்துக்கு நகர்த்தினாள். நான்கு முறை படித்துப் பார்த்தாள். தாய்க்கே பிள்ளை அடையாளம் தெரியாது என்று திருப்தியானாள். மிச்சம் வைத்த பேச்சில் மட்டும் ஓர் எழுத்தையும் தொடவில்லை. அது துறையின் கட்டளை. "சத்தியம் பண்ணல, சும்மா சொல்றேன்" என்பது அவள் கண்ணிலேயே படவில்லை. பதினொரு வருடம் கேட்ட காதுக்கு அது என்ஜின் சத்தம் மாதிரி. ஓடிக்கொண்டிருக்கும்வரை கேட்காது.

பெரிய மேடத்திடம் தொலைபேசி வந்ததைச் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வு பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். இந்தத் துறையில் வழக்கமாக ஒன்பது பேர் வருவார்கள், அதில் இரண்டு பேர் மின்விசிறிக்காக. "உன் டெப்போவிலேந்து நாலு பேரக் கூட்டிட்டு வா. கூடம் நிறைஞ்சிருந்தா மேலிடத்துக்குக் காட்டலாம்" என்றார் பெரிய மேடம். அவள் டைம்கீப்பரிடம் ஒரு வார்த்தை சொன்னாள். ஒரு வார்த்தைதான். அவர் ஒரு வண்டியையே ஏற்பாடு செய்துவிட்டார். நம்ம ரைட்டு டாக்டர் ஆகுது, போய்க் கைதட்ட வேண்டாமா என்று ஓய்வுநேர ஆட்களையெல்லாம் திரட்டிவிட்டார். இருபத்துமூன்று பேர். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர் டிரைவர் அண்ணன்.

துவைத்துத் தேய்த்த சட்டையோடு பின்வரிசை ஓரத்தில் அவர் உட்கார்ந்ததைப் பார்த்தபோதும் அவளுக்குப் பயம் வரவில்லை. நான்காவது இயலை இரண்டு நிமிடத்தில் கடந்துவிடுவது என்று ஏற்கெனவே தீர்மானித்திருந்தாள். அப்படியே கடந்தாள். முப்பத்தைந்து நிமிடம் நன்றாகப் பேசினாள். நடுவில் ஒரு கேள்விக்கு அவள் சொன்ன பதிலுக்கு டைம்கீப்பர் கைதட்ட, பெரிய மேடம் கண்ணாலேயே அதட்ட, கூடம் சிரித்தது.

வெளியூர்த் தேர்வாளர் ஒல்லியான, மென்மையான மனிதர். ஆய்வேட்டை விரித்து ஒரு பக்கத்தில் விரலை வைத்தார்.

"நான் இத்தனை வருஷத்துல படிச்சதுல இந்த நாலாவது இயல் தனி. ஆனா நீங்க அவசரமாத் தாண்டிட்டீங்க. பேட்டி பதினாலு. அந்தப் பகுதிய வாசிங்க. எனக்கு அந்த ஆளோட குரல்லயே கேக்கணும்."

"நேரம் ஆயிடுச்சு சார்..."

"அரைப்பக்கம்தானே? வாசிங்கம்மா."

மறுக்க ஒரு காரணம் தேடினாள். உண்மையான காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லவும் முடியாது. தேர்வாளரின் விரல் வரியின்மேல் இருந்தது. வாசித்தாள்.

"அன்னிக்கு நான் உக்காந்திருந்தது தைரியத்துல இல்லம்மா. சத்தியம் பண்ணல, சும்மா சொல்றேன்."

பின்வரிசையில் குபீரென்று ஒரு சிரிப்பு. பாசமான சிரிப்புதான். யாரோ, "அட, நம்ம அண்ணன் மாதிரியே" என்றார்கள். மற்ற இருபத்திரண்டு தலைகளும் அந்த ஓரத்துக்குத் திரும்பின. அவரும் பழக்கத்தில் பாதி சிரித்துவிட்டார்.

தேர்வாளர் தலையசைத்தார். மேலே போங்கள் என்று அர்த்தம். வாய் வாசித்துக்கொண்டே போனது. நான்தான் முதல்ல எறங்கப் பாத்தேன். கதவு திறக்கல. கால் வரல. நான் எங்க மிதிச்சேன். பக்கத்துல ஒரு ஆளு குரல் வேணும்.

கூட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. சிரிப்பு எந்த வரியில் மெலிந்தது, எந்த வரியில் நின்றது என்று வாசித்தபடியே பார்த்தாள். திரும்பியிருந்த தலைகள் ஒவ்வொன்றாக முன்பக்கம் திரும்பின. அவரைப் பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவர் மட்டும் முதலிலிருந்தே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டம் கிடைத்தது. சிறப்புப் பாராட்டுடன் என்று தேர்வாளர் எழுதினார். தேநீர் நேரத்தில் டெப்போ ஆட்கள் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி மின்விசிறியைப் பற்றியும் கூடத்தின் தரையைப் பற்றியும் சத்தமாகப் பேசினார்கள். அவர் முன்பே போய் வண்டியில் ஏறி இருக்கையில் உட்கார்ந்திருந்தார். கூடத்து வாசலுக்கும் வண்டிக்கும் நாற்பது அடி இருக்கும். அவள் அந்த நாற்பது அடி நடக்கவில்லை. கையில் பூங்கொத்து இருந்தது, யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று பின்னால் பல தடவை தனக்குத்தானே காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். போயிருக்கலாம்.

அன்று மாலை டைம்கீப்பர் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமான கிண்டல் இல்லை.

"திரும்பி வர்றப்ப பாலம் வந்துச்சும்மா. யாரும் சொல்லிவச்சுக்கல. எல்லாரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சோம். நான் விலைவாசியப் பத்தி. மெக்கானிக்கு அவன் மச்சான் கதைய. இருபத்திரண்டு பேரும். காது கிழியுது. நல்லதுக்குத்தான்மா பேசுனோம்."

"அண்ணன்?"

"பாலத்தத் தாண்டி ஓரமா நிறுத்தினாரு. கைபிரேக் போட்டாரு. எறங்கி, எங்கள்ல ஒருத்தரக் கூப்பிட்டு, மிச்சத்த நீ ஓட்டுன்னாரு. பின்னாடி கடைசி சீட்டுல வந்து உக்காந்துக்கிட்டாரு. டெப்போ வர்ற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடல."

மறுநாள் அவராகவே எழுதிக் கொடுத்து டயர் ஸ்டோருக்கு மாற்றிக்கொண்டார். மேலதிகாரி வேண்டாமென்று சொல்லிப் பார்த்தாராம். அதன்பிறகு அவர் வண்டி ஓட்டவில்லை. போட்டோவை யாரும் கழற்றவில்லை. புது டிரைவர்களுக்கு டைம்கீப்பர் வருகைப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டுகிறார்.

அவள் பெரிய மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு வாரம் கழித்துத்தான் சொல்ல வாய் வந்தது. பெரிய மேடம் திட்டுவார் என்று நின்றாள். அவர் நாற்காலியிலிருந்து விடைத்தாள் கட்டை எடுத்துக் கீழே வைத்து, அவளை உட்காரச் சொன்னார்.

"எப்ப ஃபோன் வந்துச்சு?"

"ஒப்படைக்கறதுக்குப் பதினொரு வாரம் முன்னாடி."

"அன்னிக்கே எங்கிட்ட வந்திருந்தா எடுத்திருப்போம். ஆறு மாசம் நீட்டிக்க ஒரு படிவம் இருக்கு. ஒரு பக்கம். நான் கையெழுத்துப் போட்டா போதும்."

"தெரியாது மேடம்."

"கேக்கலையே நீ. முப்பத்தொரு பேரக் கேள்வி கேட்ட. எங்கிட்ட ஒண்ணு கேக்கலையே." பேனாவை மூடிவைத்துவிட்டு, "நானும்தான்" என்றார். "இதுதான் உன் ஆய்வேடுன்னு சொன்னது நான்" என்றார். அப்புறம் கண்ணாடியைத் தேடினார். அது தலைமேல் இருந்தது, அவள் சொல்லவில்லை.

அந்தப் பேட்டியை நீக்கிவிட முடியுமா என்று நூலகத்தில் கேட்டாள். ஒப்புதல் ஆன ஆய்வேட்டில் ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட முடியாது என்றார்கள். யாரும் பார்க்க முடியாதபடி ஐந்து வருடம் பூட்டிவைக்க விண்ணப்பம் கொடுத்தாள். கிடைத்தது. பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டாகிவிட்டது.

துறையில் அவளுக்குத் தற்காலிக விரிவுரையாளர் வேலை கொடுத்தார்கள். கண்டக்டர் வேலையை ராஜினாமா செய்து, பையையும் விசிலையும் ஒப்படைக்க டெப்போவுக்குப் போன நாளில், கால் தானாக டயர் ஸ்டோருக்குப் போனது. நீளமான தகரக் கொட்டகை. ரப்பர் வாடை. சுவரோடு சுவராக டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் ஒரு மேஜை, இரண்டு முக்காலி.

"வாம்மா. உக்காரு" என்றார். முகத்தில் கடுமை எதுவும் இல்லை. மகள் எப்படி இருக்கிறாள், வீட்டுக்காரர் சுகமா என்று கேட்டார். அவளும் சொன்னாள்.

"தப்புப் பண்ணிட்டேண்ணே."

"ம்."

"எடுத்துப் பாத்தேன். இயலே நிக்கல. யாருக்கும் தெரியாத மாதிரி மாத்திட்டோம்னு..."

"டைம்கீப்பர் அன்னிக்குக் கூடத்துல புரட்டிப் பாத்துட்டுச் சொன்னாரு. பாலத்த மலையாக்கிட்டியாமே." டயரிலிருந்து பிடுங்கிய ஆணி ஒன்றை எடுத்து மேஜையில் உருட்டினார். "நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்புறம் என்ன, போட்டுக்கன்னு சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பேன். நீதானே. நீ சரின்னு சொன்ன. நான் நிம்மதியா இருந்துட்டேன்."

அவள் மேஜையில் உருண்டுகொண்டிருந்த ஆணியை விரலால் நிறுத்தினாள்.

"பின்னாடி நன்றின்னு ரெண்டு பக்கம் போட்டிருக்கியாம்ல" என்றார் அவர். "நம்ம டெப்போ கேன்டீன்காரர் பேரெல்லாம் இருக்காம். அவரு எல்லாருக்கும் சொல்லிட்டுத் திரியறாரு."

"ஆமாண்ணே."

"என் பேரு இல்லையாம்."

"இருந்தா உங்களக் கண்டுபிடிச்சுடுவாங்கன்னு வேணும்னேதான் விட்டேன்."

அவர் அதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அவள் சொன்னது நியாயமா என்று இருபக்கமும் பார்க்கிற மாதிரி.

"அதுவும் சரிதான்" என்றார்.

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. இளவயது டிரைவர் ஒருவர் கொட்டகை வாசலில் தலையை நீட்டி, "ஸ்டோர்காரரே, பின்பக்கத்துக்கு ரெண்டு" என்றார். அவர் எழுந்தார். அடுக்கிலிருந்து ஒன்றை இறக்கி, தட்டிப் பார்த்து, உருட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து இரண்டாவதை உருட்டிக்கொண்டு போனார். அவள் முக்காலியில் காத்திருந்தாள். வெளியே அவர்கள் இருவரும் டயரின் தேய்மானத்தைப் பற்றிப் பேசுவது கேட்டது. பிறகு இளையவர் சொன்ன எதற்கோ அவர் சிரித்தார். டயர் மாட்டி முடிந்து வண்டி கிளம்பிப் போன பிறகும் அவர் உள்ளே வரவில்லை. வெயிலில் நின்று, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கால்மணி நேரம் ஆயிற்று. அவள் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போனாள்.